கனீமா மட்டும்

ஜனவரி 10, வெள்ளி

புது டைரி. பேங்க்ல கொடுத்தாங்கன்னு மேடம் என் கைல போட்டாங்க. பச்சை அட்டை, தங்க எழுத்து. வருஷா வருஷம் எனக்குத்தான் வரும், வருஷா வருஷம் டயர் மாத்தின தேதியும் ஆயில் மாத்தின தேதியும் எழுதியே தீத்துருவேன். இந்த வருஷம் ஒழுங்கா எழுதணும். ஏன்னா எங்க மேடம் பேர்ல ஒரு தியேட்டரே வருது!

குவைத் கடற்கரைச் சாலையில பாய்மரம் மாதிரி கூரை போட்டு புதுசா ஒரு சினிமா அரங்கம் கட்டியிருக்காங்க. அதுக்குக் கனீமா அரங்கம்னு பேர். பிப்ரவரி 13 திறப்பு விழா. கமிட்டித் தலைவர் போன்ல சொன்னப்ப மேடம் "அல்ஹம்துலில்லாஹ்"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மறுபடி தக்காளி நறுக்கப் போயிட்டாங்க. நான்தான் கார் ஷெட்ல தனியா நின்னு ஒரு குத்து ஆட்டம் போட்டேன்.

யாரு படிக்கப் போறா, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நான் அடைக்கலம், ஊரு மணமேல்குடி. பதினெட்டு வருஷமா நடிகை கனீமாவுக்கு டிரைவர். எழுபது வயசாகுது அவங்களுக்கு, இன்னைக்கும் சிக்னல்ல நின்னா பக்கத்து வண்டிக் கண்ணாடி எல்லாம் இறங்கும். நான் முகத்தை உர்ருன்னு வச்சுக்கிட்டு நேரா ரோட்டையே பாப்பேன். உள்ளுக்குள்ள எவ்வளவு குளுகுளுன்னு இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்.

மேடம் என்னை ஒரு தடவை கூட அடைக்கலம்னு கூப்பிட்டதில்ல. இந்த ஊர்ல ஒருத்தரை மதிச்சுக் கூப்பிடணும்னா மூத்த பிள்ளை பேரைச் சொல்லி, இன்னாரோட அப்பான்னு கூப்பிடுவாங்க. குவைத் பேச்சுல "பூ"ன்னா அப்பா. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே "உன் மூத்த பிள்ளை யாரு?"ன்னு கேட்டாங்க. மகள், மங்கையர்க்கரசின்னேன், எங்க அம்மா பேரு. அவ்வளவு நீளம் அவங்க வாய்ல நுழையல. அன்னைக்கிலேர்ந்து நான் பூ மங்கை. நம்மூர் டிரைவருங்க "என்னடி பூமங்கை, சவுக்கியமா?"ன்னு இடுப்பை வளைச்சுக் காட்டுவானுங்க. காட்டட்டும். அவனுங்க முதலாளி அவனுங்களை விரல் சொடுக்கித்தானே கூப்பிடுறான்.

ஜனவரி 12, ஞாயிறு

வண்டியைப் பளபளன்னு துடைச்சு வச்சேன். உடனே மழை. குவைத்ல எப்பவோ பெய்யுற மழை எனக்குன்னு பாத்துப் பெய்யுது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கர்ல வச்ச பொங்கல், அடிப்பிடிச்சுப் போச்சு. மேடம் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டு "புகை வாசம் நல்லா இருக்கு"ன்னாங்க. நடிப்புல அவங்களை மிஞ்ச ஆள் இல்ல.

வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்த உடனே தவமணி, "உங்க டாக்டரம்மா நல்லா இருக்காங்களா?"ன்னா. அப்படிக் கேட்டா பக்கத்துல ஆளுங்க இருக்காங்கன்னு அர்த்தம். ஊர்ல நான் டாக்டரம்மா வீட்டு டிரைவர். என் பொண்டாட்டிக்கும் மகளுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். நடிகை வீட்ல வேலைன்னு சொன்னா நம்மூர் வாய் சும்மா இருக்குமா? ஒரு பொண்ணை வச்சிருக்கேன், நாளைக்குக் கட்டிக் கொடுக்கணும். இதுல பெரிய பொய் ஒண்ணும் இல்ல. ஒரே தொந்தரவு, பெரியப்பா மகன் செல்லையா அண்ணன் மாதிரி ஆளுங்க முட்டி வலிக்கெல்லாம் டாக்டரம்மாகிட்ட மருந்து கேக்கச் சொல்லுவாங்க. கடைல விக்கிற தைலம் ஒண்ணு வாங்கி அனுப்பினேன். அண்ணன் இப்ப ஓடுறாராம்.

தவமணி குரலைத் தாழ்த்தி, "மங்கை உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்னு இருக்கா"ன்னா. மேடம் கூப்பிடுறாங்கன்னு சொல்லி வச்சுட்டேன். மேடம் கூப்பிடல.

என்ன விஷயமா இருக்கும்? போன வருஷம் ஒண்ணு கேட்டா. திருச்சி காலேஜ்ல அவ நாடகம் போட்டதைப் பாத்துட்டு யாரோ ஒரு டைரக்டர் சினிமாவுக்குக் கூப்பிட்டாராம். "உன் இஷ்டத்துக்கு ஆடு, ஆனா என் பேரு அதுல எங்கயும் வரக்கூடாது"ன்னேன். சரிப்பான்னா. அதோட விட்டுட்டா. நல்ல பிள்ளை, சொன்னா கேட்டுக்கும்.

ஜனவரி 17, வெள்ளி

டிவில மேடம் பேட்டி. நான் ஸ்டூடியோவுக்குள்ளயே நின்னு பாத்தேன். வாசல்ல தடுத்தவன்கிட்ட "நான் இல்லாம மேடம் உக்கார மாட்டாங்க"ன்னு ஒரு போடு போட்டேன்.

அந்தப் பொண்ணு கேக்கக் கேக்க மேடம் சொல்லிக்கிட்டே போனாங்க. எனக்கு எல்லாம் மனப்பாடம். இருபது வயசுல அத்தை துணையோட கெய்ரோவுக்குப் போனது. முதல் படத்துல முத்துக் குளிக்கிறவனோட விதவையா வந்தது. கடல்ல போன புருஷன் திரும்பல, கரையில நின்னு ஒரு வார்த்தை பேசாம அவன் சட்டையை மடிச்சு வைப்பாங்க. அவ்வளவுதான் சீன். நான் அதைப் பாக்குறப்பல்லாம் மூக்கை உறிஞ்சுவேன். அப்புறம் அந்த வாத்தியாரம்மா படம், மந்திரியை எதிர்த்துப் பேசுறது. அதைக் கொஞ்ச நாள் திரையிட விடல. பத்திரிகைல கன்னாபின்னான்னு எழுதினான். ஜனங்க கேசட்ல போட்டு வீட்டுக்கு வீடு பாத்தாங்க. மேடம் ஒரு பதிலும் சொல்லாம மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்தாங்களாம், தலையை நிமித்திக்கிட்டு.

ஐம்பது வயசுல, கதாநாயகனுக்கு அம்மாவா வந்து அழுதா போதும்னு கூப்பிட்டாங்க. "அழுறதுக்கு என் வீட்லயே இடம் இருக்கு"ன்னு சொல்லிட்டு நாலு வருஷம் வீட்ல இருந்தாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் பஸ் ஓட்டுற பொம்பளை வேஷம். பஸ் ஓட்டக் கத்துக் கொடுத்தது யாரு? நான்! பாலைவனத்து ஓரமா பழைய மினி பஸ்ஸை வச்சு, "கிளட்சை மிதிங்க மேடம், ஐயோ கிளட்சு"ன்னு நான் கத்தினது ஊருக்கே கேட்டிருக்கும். அந்தப் படத்துக்குத்தான் பெரிய விருது. வீட்டு அலமாரில இருக்கு. தூசி தட்டுறது நான்தான், வேற யாரையும் தொட விட மாட்டேன்.

பேட்டி எடுத்த பொண்ணு கடைசியா, "எல்லாரும் குடும்பப் பேரோட இருக்காங்க, நீங்க மட்டும் ஏன் வெறும் கனீமா?"ன்னு கேட்டுச்சு. மேடம் சிரிச்சுக்கிட்டே, "சின்னப் பேரு, போஸ்டர்ல பெரிய எழுத்தா போடலாம்"ன்னாங்க. ஸ்டூடியோவே கைதட்டுச்சு.

மங்கை சின்னப் பிள்ளையா இருந்தப்ப போன்ல கதை கேட்டு அடம் பிடிக்கும். எனக்கு என்ன ராஜா ராணி கதை தெரியும்? மேடம் படத்துக் கதையாத்தான் சொல்லுவேன். அந்தச் சட்டை மடிக்கிற சீனை மட்டும் திரும்பத் திரும்பக் கேக்கும். "அப்புறம் அவங்க முகம் எப்படி இருந்துச்சுப்பா?"ன்னு கேக்கும். என்ன ஞாபகமோ, இன்னைக்கு வந்துச்சு.

ஜனவரி 21, செவ்வாய்

மேடத்தோட தம்பி வந்தார். பதினெட்டு வருஷத்துல இந்த வீட்டுப் படியை அவர் மிதிச்சு நான் பாத்ததில்ல. பூ ஃபஹத்துன்னு கூப்பிடுவாங்க. வெள்ளை அங்கி, கைல மணிமாலை, பெரிய தட்டு நிறைய இனிப்பு. அவங்க குடும்பப் பேரை இங்க எழுத மாட்டேன். மேடம் வாயால சொல்லாத பேரை நான் எதுக்கு எழுதணும்?

சமையல்காரம்மா லீவு, அதனால கஹ்வா, அதான் அரபிக் காப்பி, ஊத்துறது என் வேலை. சின்னக் கிண்ணத்துல ஊத்தி ஊத்திக் கொடுக்கணும், போதும்னா கிண்ணத்தை லேசா ஆட்டிக் காட்டுவாங்க. அவர் ஆட்டவே இல்ல. குடிச்சுக்கிட்டே விஷயத்துக்கு வந்தார். அரங்கத்து வாசல்ல வைக்கிற பேர்ப் பலகையில கனீமாவுக்குப் பின்னால அப்பா பேரும் குடும்பப் பேரும் வரணுமாம். குடும்பமே ஆசைப்படுதாம். பேரப் பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடத்துல பெருமையாச் சொல்லிக்கிறாங்களாம்.

மேடம் இனிப்புத் தட்டை அவர் பக்கமா நகர்த்தினாங்க. "யோசிக்கிறேன்"ன்னு கூடச் சொல்லல. "உன் முட்டி வலி எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. விதைக்கிறப்ப காணோம், அறுக்கிறப்ப மட்டும் அரிவாளோட வந்துட்டாரு!

ஜனவரி 22, புதன்

பின் டயர்ல ஆணி. மங்கை ரெண்டு தடவை கூப்பிட்டுச்சு, பஞ்சர் கடைல சத்தம், எடுக்கல.

ஜனவரி 26, ஞாயிறு

மேடம் அவங்க அப்பாவை அடக்கம் பண்ணின கபருக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போவாங்க. எப்பவும் போற வழியில ஒண்ணும் பேச மாட்டாங்க. இன்னைக்குத் திரும்பி வர்றப்ப அவங்களாவே பேசினாங்க. பின் சீட்டுலேர்ந்து பேசினா கண்ணாடில பாதி முகம்தான் தெரியும்.

முதல் படம் முடியுற சமயம் கெய்ரோவுக்கு அவங்க அப்பா ஒரு ஆளை அனுப்பினாராம். திட்டல, வரச் சொல்லல. சொல்லி விட்டது ஒண்ணே ஒண்ணுதான். "நடிக்கிறதுன்னா நடி. என் பேரு அந்தத் திரையில வரக்கூடாது."

"நான் கோவிக்கல, பூ மங்கை. அது அவர் பேரு. திருப்பிக் கேட்டாரு, திருப்பிக் கொடுத்துட்டேன். மிச்சம் இருந்ததைப் போஸ்டர்ல போடச் சொன்னேன்."

அதுக்கப்புறம் அவர் சாகுற வரைக்கும் பேசிக்கிட்டது ரம்ஜானுக்கும் பெருநாளுக்கும்தானாம். "என் படம் ஒண்ணாவது பாத்தாரான்னு எனக்குத் தெரியாது. அது ஒண்ணுதான் எனக்குக் குறை"ன்னாங்க. கல்யாணம் பண்ணி விலகினதைக் கூடக் குறைன்னு சொல்லாதவங்க. பிள்ளை இல்லாததைக் கூடச் சொல்லாதவங்க.

நான் ரோட்டைப் பாத்து ஓட்டினேன். சாலை ஒரே தூசி, முன்னாடி ஒண்ணுமே சரியாத் தெரியல.

ஜனவரி 30, வியாழன்

கமிட்டி கூட்டம். நான் கதவுக்கு வெளியதான் நின்னேன், ஆனா மேடம் குரல் கதவுக்கெல்லாம் அடங்குற குரல் இல்ல. கமிட்டித் தலைவர் நல்ல மனுஷன், பயந்த மனுஷன். "பலகையில முழுப் பேரும் போடுறதுதான் முறை. குடும்பமும் கேக்குது. வெறும் கனீமான்னா எந்த கனீமான்னு யாருக்குத் தெரியும்?"ன்னார்.

"ஐம்பது வருஷமா டிக்கெட் வாங்கினவன் எவனாவது எந்த கனீமான்னு கேட்டானா?"

தலைவர் பேப்பரைப் புரட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மேடம் சொன்னாங்க, "கனீமா மட்டும். இல்லன்னா உங்க அரங்கத்துக்கு வேற பேர் பாத்துக்குங்க. கடல் இருக்கு, காத்து இருக்கு, ஏதாவது வைங்க."

அடி சக்கை! வெளிய வந்து கார்ல ஏறினதும் தண்ணி கேட்டாங்க. பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அந்த அரங்கம் கைவிட்டுப் போனாலும் போயிரும்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்பேர்ப்பட்ட பொம்பளை! இந்த மாதிரி ஒருத்தருக்கு வண்டி ஓட்டக் கொடுத்து வச்சிருக்கணும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலைல ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போஸ்டர் போட்டிருந்தான் ஒருத்தன். "உப்பளக் காத்து"ன்னு ஒரு படம், 21ஆம் தேதி வருதாம். நம்ம பக்கத்து உப்பளத்துலதான் எடுத்திருக்காங்க. தலையில உப்புக் கூடையோட ஒரு பொண்ணு நேராப் பாக்குது. எங்க அம்மா கண்ணு. மங்கைதான்.

கீழ வரிசையா பேரு. கு. நல்லமுத்து. ச. பெரியநாயகி. தி. ஆரோக்கியசாமி. நடுவுல மங்கையர்க்கரசி. எல்லாருக்கும் முன்னால ஒரு எழுத்து இருக்கு, அவ பேரு மட்டும் மொட்டையா நிக்குது.

குரூப்ல ஆரம்பிச்சுட்டானுங்க. "இது நம்ம அடைக்கலம் மக மாதிரி இருக்கே." "இனிஷியல் இல்லையேப்பா, வேற யாராவது இருக்கும்." செல்லையா அண்ணன் நேராவே கேட்டார், "தம்பி அடைக்கலம், உன் பொண்ணா?"

இல்லண்ணே, வேற யாரோன்னு ஒரு வார்த்தை போட்டேன். பேச்சு அடங்கிருச்சு. அப்புறம் யாரோ தேங்காய் விலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சான்.

பிப்ரவரி 3, திங்கள்

லேசாக் காய்ச்சல். டீயும் ரொட்டியும்.

பிப்ரவரி 5, புதன்

தவமணி கூப்பிட்டா. டாக்டரம்மா பத்தியெல்லாம் கேக்கல. "பெத்த பிள்ளையை வேற யாரோன்னு எழுத உங்களுக்குக் கை வந்துச்சா?"ன்னா. போன வருஷமே நடிச்சு முடிச்சுட்டாளாம். தவமணிதான் துணைக்குப் போய் உப்பளத்துல குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாம். "நீங்க உங்க பேரு வரக்கூடாதுன்னுதானே சொன்னீங்க? வரல. அவ உங்க வார்த்தையை மீறல."

மங்கைகிட்ட கொடுக்கச் சொன்னேன். பெரிய பேச்செல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். அவ "குரூப்ல பாத்தேன்ப்பா. சரிப்பா"ன்னா. அவ்வளவுதான். அழுதிருந்தா அதட்டியிருக்கலாம்.

பெட்ரோல் போட்டேன். மேடத்துக்கு மாத்திரை வாங்கினேன்.

பிப்ரவரி 8, சனி

தம்பி மறுபடி வந்தார். இந்தத் தடவை தட்டு இல்ல, தனியா வந்தார். நான் கஹ்வா பாத்திரத்தோட சுவரோரம் நின்னேன். என்னைப் போகச் சொல்ல யாருக்கும் தோணல.

"அப்பா உன் படத்தைப் பாத்தார்"ன்னார்.

மேடம் கிண்ணத்தைக் கீழ வச்சாங்க.

"முதல் படம் வந்தப்ப. இங்க பாத்தா யாராவது பாத்துருவாங்கன்னு எல்லை தாண்டி இராக்ல இருக்கிற பாஸ்ராவுக்குப் போனார். என்னையும் கூட்டிட்டுப் போனார். கடைசி வரிசைல உக்காந்தோம். நீ அந்தச் சட்டையை மடிக்கிறப்ப எழுந்து நின்னு கைதட்டினார். ஜனமெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அடுத்த வாரமும் போனோம். வீட்ல சொன்னா தொலைச்சுருவேன்னார். அப்பாவே உன்னை நினைச்சுப் பெருமைப்பட்டார் அக்கா. அதனாலதான் சொல்றேன், அவர் பேரைப் போட்டுக்க."

அவர் ஏதோ புதையலைக் கொண்டாந்து வச்ச மாதிரிப் பாத்தார். மேடத்தோட குறை தீர்ந்துச்சுன்னு நினைச்சேன்.

மேடம் எழுந்து ஜன்னல்கிட்டப் போனாங்க. அப்புறம் மெதுவா, "பாஸ்ராவுல இருட்டுல கைதட்டினார். சரி. அந்தச் சத்தம் கெய்ரோவுல இருந்தவளுக்குக் கேக்குமா, தம்பி?"ன்னாங்க. "பத்திரிகைக்காரன் என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டப்ப அந்தக் கையைத் தேடினேன். ஐம்பது வருஷம் கழிச்சு நீ வந்து அந்தக் கை இருந்துச்சுங்கிற."

அழுதாங்க. நிஜமான அழுகை. சினிமாவுல இப்படி அழ மாட்டாங்க, அதுல அழகா இருக்கும்.

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். மேடம் கண்ணைத் துடைச்சுட்டு நிமிந்தாங்க. "என் பேருக்குப் பின்னால உங்க பேரை ஒட்ட வேணாம். உன் பேரோட என் பேரைச் சேத்துக்க. நம்ம வழக்கம் மறந்துருச்சா? திறப்பு விழா அன்னைக்கு மேடைல ஏறிச் சொல்லு. அது போதும் எனக்கு."

இந்த வழக்கத்தை நானும் பாத்திருக்கேன். இங்க ஆம்பளைங்க வீரமாப் பேசுறப்ப, மார்ல தட்டிக்கிறப்ப, அப்பன் பாட்டன் பேரைச் சொல்ல மாட்டாங்க. கூடப் பிறந்தவ பேரைச் சொல்லி, "நான் இன்னாரோட சகோதரன்"ம்பாங்க. அக்கா தங்கச்சி பேர்தான் அவங்க மானம். ஆனா அது வீட்டுக்குள்ள இருக்கிற அக்கா தங்கச்சிக்கு. நடிகை பேரைச் சொல்லி எவன் மார் தட்டியிருக்கான்?

பூ ஃபஹத் கிண்ணத்தை லேசா ஆட்டிக் காட்டினார். எழுந்து போயிட்டார். சொல்றேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.

பிப்ரவரி 9, ஞாயிறு

தையல்காரர்கிட்ட விழா உடுப்பு வாங்கப் போனோம். வண்டில ஏறினதும் மேடம் வழக்கம் போல, "மங்கை எப்படி இருக்கா?"ன்னு கேட்டாங்க. எப்பவும் படிக்கிறா மேடம்னு சொல்லுவேன். இன்னைக்கு அந்தப் பொய் வாய்ல வரல. வண்டியை ஓரங்கட்டி, போன்ல போஸ்டரைக் காட்டினேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முகத்துக்கிட்ட வச்சுப் பாத்தாங்க. "மாஷா அல்லாஹ்! உன் மகளா? இந்தக் கண்ணு திரையில நிக்கும், எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் என் வண்டியை ஓட்டிக்கிட்டு இதை என்கிட்டயே மறைச்சியா, திருடா!" அப்படி ஒரு சந்தோஷம். பேரெல்லாம் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. படிச்சேன்.

அவங்க ஐம்பது வருஷமா போஸ்டர் பாத்தவங்க. விரலை வச்சுக் கேட்டாங்க, "எல்லார் பேருக்கும் முன்னால சின்னதா ஒண்ணு இருக்கே, இவளுக்கு மட்டும் ஏன் இல்ல?"

அது அப்பா பேரோட முதல் எழுத்து மேடம், எங்க ஊர் வழக்கம்னேன்.

"உன் எழுத்து எங்க?"

"நான்தான் வேணாம்னு சொன்னேன் மேடம்."

போனைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. கண்ணாடியைக் கழட்டி மடிச்சுப் பைக்குள்ள வச்சாங்க. பின்னால வந்தவன் ஹாரன் அடிச்சான்.

"வண்டியை எடு, அடைக்கலம்"ன்னாங்க.

பதினெட்டு வருஷத்துல முதல் தடவை. என் பேரு அவங்களுக்கு ஞாபகம் இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நல்ல பேர்தான், எங்க அய்யா வச்ச பேரு. யாரோ மூணாம் மனுஷனைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்னைக்கும் அடைக்கலம்தான். மரியாதையில ஒரு குறையும் இல்ல. சாப்பாடு கொடுத்தாங்க, குளிருதுன்னு ஒரு கம்பளிச் சட்டை கூடக் கொடுத்தாங்க. அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

பலகையில என்ன எழுதியிருக்குன்னு கமிட்டிக்காரர் இன்னும் வாயைத் திறக்கல. துணி போட்டு மூடி வச்சிருக்காங்களாம்.

பிப்ரவரி 13, வியாழன்

முதல்லேர்ந்து எழுதுறேன்.

மேடம் கறுப்பு உடுப்பு, கழுத்துல ஒத்தை முத்து. அரங்க வாசல்ல இறங்கினப்ப அவ்வளவு கூட்டமும் எழுந்து நின்னுச்சு. கிழவிங்க குலவை போட்டாங்க. கெய்ரோலேர்ந்து, பெய்ரூட்லேர்ந்தெல்லாம் ஆளுங்க வந்திருந்தாங்க. வண்டியை நிறுத்திட்டு ஓடி வந்து பின்னால சுவரோரம் நின்னேன். முன் வரிசைல பூ ஃபஹத்தும் குடும்பமும், ஒரு பதினைஞ்சு வெள்ளை அங்கி.

துணியை இழுத்தாங்க. வெண்கலப் பலகை. கனீமா. வேற ஒரு எழுத்து இல்ல!

நான் கத்தியே கத்திட்டேன். என்ன கத்தினேன்னு தெரியல, தமிழ்ல ஏதோ கத்தினேன். பக்கத்துல நின்ன போலீஸ்காரர் சிரிச்சுட்டார்.

எல்லாரும் பேசி முடிச்சதும், குடும்பத்து சார்புல ஒரு வார்த்தைன்னு பூ ஃபஹத்தைக் கூப்பிட்டாங்க. மேடைல ஏறினார். மைக்கைப் பிடிச்சு உயரம் சரி பண்ணினார், மறுபடியும் சரி பண்ணினார். மேடம் முகத்தைப் பாத்தேன். அந்தச் சட்டை மடிக்கிற சீன்ல இருக்கிற முகம். எதையும் கேக்காத முகம்.

திடீர்னு அவர் நெஞ்சுல ஒரு அடி அடிச்சார். "அனா அகூ கனீமா!"

நான் கனீமாவோட தம்பி. குரல் உடைஞ்சு போச்சு. மறுபடியும் சத்தமாச் சொன்னார். முன் வரிசைல ஒரு நிமிஷம் யாரும் அசையல. அப்புறம் ஒரு இளவட்டம் எழுந்தான், இன்னொருத்தன் எழுந்தான், மொத்தக் குடும்பமும் எழுந்து கைதட்டுச்சு. விளக்கெல்லாம் எரியுது, டிவி கேமரா பாக்குது, ஊரே பாக்குது. மேடம் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டாங்க.

நான் அங்க நிக்க முடியாம வண்டிக்கு வந்துட்டேன். குரூப்பைத் திறந்தேன். எழுதினதை அப்படியே இங்கயும் எழுதுறேன்:

"உப்பளக் காத்து படத்துல நடிச்சிருக்கிறது என் மகள்தான். அன்னைக்கு நான் இல்லன்னு சொன்னது பொய். நான் வேலை பாக்குறதும் டாக்டர் வீட்ல இல்ல, நடிகை கனீமா வீட்ல. அது என் பாக்கியம். இப்படிக்கு, மங்கையர்க்கரசியோட அப்பா."

அனுப்பிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். டிங்கு டிங்குன்னு சத்தம். ஒருத்தன் அப்பவே நினைச்சேன்னான். ஒருத்தன் இதெல்லாம் நமக்குத் தேவையான்னான், அவன் கிடக்கான். செல்லையா அண்ணன், "பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். அப்ப என் முட்டிக்கு மருந்து சொன்னது யாருடா?"ன்னு கேட்டிருந்தார்.

மங்கைக்குப் போன் போட்டேன். முதல் ரிங்லயே எடுத்தா. "தாயி, டைரக்டர்கிட்ட சொல்லி என் எழுத்தைப் போடச் சொல்லும்மா"ன்னேன்.

"வேணாம்ப்பா. பேரு தனியாவே நல்லா இருக்கு. இந்தப் படம் இப்படியே போகட்டும், அடுத்ததுல பாப்போம்"ன்னா. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "குரூப்ல பாத்தேன்ப்பா"ன்னா. அன்னைக்குச் சொன்ன அதே வார்த்தைதான். ரெண்டு பேரும் போனை வச்சுக்கிட்டு அழுதோம். வாங்கிக்க மாட்டேன்னுட்டாளேன்னு வலிச்சுது. என் மக யாருகிட்டயும் கெஞ்ச மாட்டான்னு திமிராவும் இருந்துச்சு.

பிப்ரவரி 14, வெள்ளி

காலைல மேடம் தோட்டத்துல உக்காந்திருந்தாங்க, மடியில பேப்பர், முதல் பக்கத்துல அவங்க படம். நான் போய் நின்னேன். நடந்ததைச் சொன்னேன். குரூப்ல எழுதினதை அரபில சொல்லச் சொன்னாங்க. கடைசி வரி வந்ததும் "மறுபடி சொல்லு"ன்னாங்க. மறுபடி சொன்னேன்.

"லீவு வேணும் மேடம். 21ஆம் தேதி படம். ஒரு வாரம் போதும்."

"எங்க போடுறாங்க?"

"அறந்தாங்கில மேடம். எங்க ஊருக்குப் பக்கம்."

"முன் வரிசைல உக்காரு"ன்னாங்க. "விளக்கை அணைக்கிறதுக்கு முன்னாடியே போய் உக்காரு. எல்லாரும் பாக்கட்டும். அவ வர்றப்ப எழுந்து நின்னு கைதட்டு. அவளுக்குக் கேக்கணும்."

சரி மேடம்னேன்.

"நிக்காதே, டிக்கெட்டைப் போடு. வெயில் ஏறுறதுக்குள்ள மீன் மார்க்கெட் போகணும். யல்லா, பூ மங்கை."

வண்டியை எடுத்தேன். மீன் மார்க்கெட் வாசல்ல நாலு பேர் மேடத்தோட நின்னு போட்டோ எடுத்தாங்க. அதுல ஒருத்தர் என்னைப் பாத்து, இவர் யாருன்னு கேட்டார். மேடம் வாயைத் திறக்குறதுக்குள்ள நானே சொல்லிட்டேன், நடிகை மங்கையர்க்கரசியோட அப்பான்னு.